அலபாமா நாட்டின் நிலமும் பயிரும் கடனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாகத்தில் அலபாமா என்னும் இராஜ்யம் இருக்கிறது. வடக்கே டென்னஸி, கிழக்கே ஜார்ஜியா, மேற்கே மிஸிஸிப்பி, தெற்கே பிளாரிடாவும் மெக்ஸிகோ வளைகுடாவும் இதற்கு எல்லைகள். விஸ்தீரணம் ஏறக்குறைய 52,400 சதுர மைல். 2020-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி ஜனத்தொகை 50,24,279. 1819-ஆம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி ஐக்கிய நாடுகளில் 22-ஆவது இராஜ்யமாக இது சேர்ந்தது. தலைநகரம் மாண்ட்காமரி. நிர்வாகத்துக்காக நாடு 67 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

இவ்விவரங்களைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். நம் சங்க அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் வேறொன்று. ஒரு குடியானவன் தன் நிலத்தில் இன்ன பயிர்தான் இடவேண்டும் என்று தீர்மானிப்பது யார்? மண்ணா, மழையா, அவனா, அல்லது அவனுக்குக் கடன் கொடுப்பவரா? இக்கேள்விக்கு அலபாமாவின் சரித்திரத்தைப் போல் தெளிவாக விடை கூறும் சரித்திரம் வேறு அதிகம் இல்லை. ஆகவே அந்நாட்டின் பூகோளத்தை அந்தக் கண்கொண்டு பார்ப்போம்.

வடகோடியில் டென்னஸி நதி வடகிழக்கு மூலையில் உட்புகுந்து, வில்போல் வளைந்து, வடமேற்கு மூலையில் வெளியேறுகிறது. அதன் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல்லின்மேல் படிந்த செம்மண் நிலங்கள் உள்ளன. அதற்குத் தெற்கே அப்பலேச்சியன் மலைத்தொடரின் கடைசிக் கிளைகளும் மணற்கல் மேட்டு நிலங்களும் இருக்கின்றன. சீஹா என்னும் சிகரமே நாட்டில் உயர்ந்தது. அதன் உயரம் சுமார் 2,400 அடி. இம்மலைகளின் வயிற்றில் இரும்பும் நிலக்கரியும் உண்டு. மலைநாடு முடியுமிடத்தில் நதிகள் பாறைகளிலிருந்து குதித்துச் சமவெளியில் இறங்குகின்றன. அதற்குத் தெற்கே, நாட்டின் இடுப்பில் கட்டிய கச்சைபோல், கருமண் பிரதேசம் குறுக்காக ஓடுகிறது. அதற்கும் தெற்கே மணற்பாங்கான மேடுகளும் பைன் மரக் காடுகளும். தென்கிழக்கு மூலையில் கம்பிபோல் விறைத்து வளரும் ஒருவகைப் புல்லினால் பெயர்பெற்ற 'வயர்கிராஸ்' பிரதேசம். கடைசியில் மொபீல் துறைமுகமும் சுமார் 50 மைல் நீளமுள்ள கடற்கரையும். கூஸா, டல்லபூஸா என்னும் இரு நதிகள் மாண்ட்காமரிக்கு வடக்கே கூடி அலபாமா நதியாகின்றன. அது மேற்கிலிருந்து வரும் டாம்பிக்பி நதியோடு சேர்ந்து மொபீல் விரிகுடாவில் விழுகிறது.

மழைக்குக் குறைவில்லை. மொபீலில் வருஷத்துக்கு 60 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது. மற்றப் பாகங்களில் சராசரி 50 அங்குலத்துக்குக் குறையாது. பனி உறையாத நாட்கள் வடக்கே ஏறக்குறைய 200. தெற்கே இன்னும் அதிகம். இத்தனை வகை மண்ணும் இவ்வளவு மழையும் உள்ள நாட்டில் பலவகைப் பயிர்கள் செழித்திருக்க வேண்டும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் 1915 வரையில், மலைச்சரிவு, மணல்மேடு, கருமண் என்ற வித்தியாசம் இல்லாமல், ஏர் பூட்டிய நிலத்திலெல்லாம் பெரும்பாலும் பருத்தியே விதைக்கப்பட்டு வந்தது.

கருமண் பிரதேசம்

இப்பிரதேசத்தின் மண் நம் கரிசலை நினைவூட்டும். ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலின் அடியில் சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புப் பாறையாயின. அப்பாறை மக்கிய இடங்களில் கறுத்த களிமண் உண்டாயிற்று. மழையில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் வாய் பிளக்கும். கிணறு தோண்டினால் பாறைதான் கிடைக்கும். தண்ணீருக்கு மிக ஆழமாகத் துளையிட வேண்டியிருந்தது. எனினும் பருத்திக்கு ஏற்ற மண்.

1814-ஆம் வருஷத்து ஜாக்ஸன் கோட்டை உடன்படிக்கையினால் கிரீக் என்னும் பூர்வகுடிகள் அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் சேர்த்து இரண்டு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை விட்டுக்கொடுக்கும்படி நேர்ந்தது. 1830-க்குப் பின் எஞ்சியிருந்தவர்களும் மேற்கே துரத்தப்பட்டனர். அந்நிலத்தில் பண்ணை அமைத்த வெள்ளையர் தம்மோடு ஆப்பிரிக்க வம்சத்து அடிமைகளைக் கொண்டுவந்தனர். 1860-இல் அலபாமாவின் ஜனத்தொகை 9,64,201. அவர்களில் 4,35,080 பேர் அடிமைகள். அதற்கு முந்திய வருஷத்து மகசூல் ஏறக்குறைய 9,90,000 பேல் பஞ்சு. நதிக்கரைத் துறைகளில் ஏற்றப்பட்ட பேல்கள் நீராவிப் படகுகளில் மொபீலுக்குச் சென்று அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறின.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் வடக்கத்தியர் தென்துறைமுகங்களைக் கப்பற்படையால் அடைத்தபோது, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. திருநெல்வேலி, கோயமுத்தூர்க் கரிசல்களிலும் பஞ்சு விலை ஏறி, யுத்தம் முடிந்ததும் இறங்கியது. அலபாமாவில் வெடித்த பீரங்கி நம் குடியானவனுடைய பெட்டியை நிரப்பிப் பின் காலிசெய்தது என்றால் மிகையாகாது.

விளையாத பயிரின்மேல் கடன்

யுத்தத்தின் முடிவில், 1865-இல், அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றார்கள், நிலம் பெறவில்லை. நிலச்சுவான்தார்களிடம் நிலம் இருந்தது, ரொக்கம் இல்லை. ஆகவே வாரச் சாகுபடி ஏற்பட்டது. கோவேறு கழுதையும் கலப்பையும் விதையும் நிலச்சுவான்தாரே கொடுத்தால் மகசூலில் பாதி அவருக்கு. கழுதையும் கருவிகளும் குடியானவனுடையவையாயின், பருத்தியில் நாலில் ஒன்றும் மக்காச் சோளத்தில் மூன்றில் ஒன்றும் கொடுத்தால் போதும். ஏழை வெள்ளையரும் நாளடைவில் இந்நிலைக்கே வந்தனர். 1930-இல் அலபாமாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 65 பண்ணைகள் குத்தகைக்காரரும் வாரக்காரரும் உழுதவையே.

வாரக்காரன் மார்ச்சு மாதம் முதல் அறுவடை வரையில் உண்பதெப்படி? பக்கத்து ஊர்க் கடைக்காரர் மாவும், உப்பிட்ட பன்றியிறைச்சியும், வெல்லப்பாகும், துணியும், உரமும் கடனாகக் கொடுத்தார். ஈடாக எழுதிக் கொடுக்க அவனிடம் வேறென்ன இருந்தது? இன்னும் விதைக்காத பயிர் ஒன்றே. யுத்தத்துக்குப் பின் இயற்றப்பட்ட சட்டங்கள் இந்த ஈட்டைச் செல்லத்தக்கதாக்கின. கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு விலை: ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று. வட்டி என்று தனியே ஏட்டில் எழுதாவிட்டாலும், இவ்விரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடன் நின்ற சில மாதங்களுக்கு வகுத்துப் பார்த்தால், வருஷத்துக்கு நூற்றுக்கு 40, 50-க்கும் மேல் வட்டியாகும். கடைக்காரர் மீது மட்டும் பழி போடுவது நியாயமன்று. அவரும் நகரத்து மொத்த வியாபாரியிடம் உயர்ந்த வட்டிக்கே வாங்கினார். பருத்தி விலை விழுந்த வருஷங்களில் அவர்களிலும் பலர் கடையை மூடினர்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. கடைக்காரர் ஈடாக எழுதிக்கொண்டது பருத்தியை மட்டுமே. பருத்தி கெடாது, எந்தச் சந்தையிலும் அதற்கு அன்றைய விலை உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, கடன்காரன் அதை இரவில் சமைத்துத் தின்றுவிட முடியாது! சோளமோ கிழங்கோ விதைக்க விரும்பியவனுக்குக் கடையில் பற்று இல்லை. சோளம் விளையாததால் சோளமாவும் கடையிலேயே, தவணை விலைக்கே, வாங்க வேண்டியதாயிற்று. இலையுதிர் காலத்தில் பஞ்சரைக்கும் ஆலையில் கணக்குப் பார்ப்பார்கள். ஏடு எழுதியவர் கடைக்காரர். கையொப்பத்துக்குப் பதில் கீறல் போட்டவன் குடியானவன். கணக்குத் தீரவில்லையென்றால் பாக்கி அடுத்த வருஷத்துக்குப் போகும். அவனும் அதே கடைக்குத்தான் போகவேண்டும்.

கடனை விட்டு ஓடவும் வழியில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டவனை மோசடிக்காரன் என்றே கருதும்படி அலபாமாச் சட்டம் ஒன்று கூறியது. மாதம் 12 டாலர் சம்பளத்துக்கு ஒரு வருஷம் உழைப்பதாக ஒப்புக்கொண்டு 15 டாலர் முன்பணம் வாங்கிய பெய்லி என்ற கறுப்பர், ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக உழைத்து நின்றுவிட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். வழக்கு ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. கடனுக்காக மனிதனைக் கட்டாய வேலை வாங்குவது அடிமைத்தனத்தை ஒழித்த அரசியல் திருத்தத்துக்கு விரோதம் என்று கூறி, 1911-இல் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. தீர்ப்பு வந்தும் வழக்கம் உடனே ஒழியவில்லை.

ஜீஸ் பெண்ட்

இம்முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் ஊரின் கதை போதும். வில்காக்ஸ் கவுண்டியில் அலபாமா நதி குதிரை லாடம்போல் வளையும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கிராமம் இருக்கிறது. மூன்று புறமும் நீர். எதிர்க்கரையிலுள்ள காம்டன் நகரத்துக்கு ஓடத்தில் சென்றால் சிறிது தூரம். சாலை வழியே சுற்றினால் சுமார் 40 மைல். அங்கே வசித்தவர்கள் பழைய பண்ணை அடிமைகளின் சந்ததியார். 1930-ஐ ஒட்டி அவர்கள் தொகை ஏறக்குறைய 700.

1919-இல் ராத்தலுக்கு 35 சென்டு வரை விற்ற பஞ்சு 1931-இல் ஆறு சென்டுக்கும் கீழே இறங்கியது. கிராமத்தார் அனைவரும் காம்டனிலுள்ள ஒரே வியாபாரியிடம் கடன்பட்டிருந்தனர். 1932-இல் அவர் காலமானார். அவருடைய மனைவி கடனை வசூலிக்க ஆட்களை அனுப்பினார். அவர்கள் வண்டிகளுடன் வந்து கழுதைகளையும், பசுக்களையும், பன்றிகளையும், கோழிகளையும், கலப்பைகளையும், குதிரிலிருந்த சோளத்தையும், குழியில் புதைத்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையுங்கூட எடுத்துச் சென்றனர். அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் குளிர்காலத்தின் வாசலில் வெறுங்கையுடன் நின்றன. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவும் இறைச்சியும், ஆற்று மீனும், காட்டில் கிடைத்ததும் அவர்களைக் காப்பாற்றின.

ஒருவன் செய்த பிழையினால் வந்த கேடன்று இது. பயிரும் கடனும் உணவும் ஒரே கணக்கில் அடங்கியிருந்தமையால், அக்கணக்கு முறிந்ததும் ஊரே முறிந்தது.

பின்னர் ஐக்கிய நாட்டு சர்க்கார் தலையிட்டு, 1937-இல் பழைய பண்ணையின் சுமார் 10,000 ஏக்கரை விலைக்கு வாங்கியது. ஏறக்குறைய 100 வீடுகள், பள்ளிக்கூடம், கூட்டுறவுப் பண்டசாலை, பஞ்சரைக்கும் ஆலை, மாவு அரைக்கும் ஆலை, கொல்லுப்பட்டறை ஆகியவை கட்டப்பட்டன. 1940-க்குப் பின் நிலத்தை அக்குடும்பங்களுக்கே பங்கிட்டு, நீண்ட தவணையிலும் குறைந்த வட்டியிலும் கடன் கொடுத்து விற்றார்கள். கடன் என்னவோ கடன்தான். ஆனால் ஈடாக நின்றது இம்முறை பயிரன்று, நிலம். அதுவும் உழுபவன் பேருக்கு மாறிவரும் நிலம். இந்த வித்தியாசத்தின் மதிப்பு இருபத்தைந்து வருஷம் கழித்துத் தெரிந்தது. அதைப் பிற்பாடு கூறுவோம்.

வண்டும் கடலையும்

கருமண் பிரதேசத்தில் நிலைமை இவ்வாறிருக்க, தென்கிழக்கிலுள்ள வயர்கிராஸ் பிரதேசம் வேறு வழியே பருத்தியிலிருந்து விடுபட்டது. அங்கே விடுவித்தது ஒரு பூச்சி. பருத்திக்காயைத் துளைக்கும் அந்தக் கூன்வண்டு நம் நாட்டில் இல்லை. நம் பருத்திக்கு வேறு சத்துருக்கள் உண்டு. அது மெக்ஸிகோவிலிருந்து 1892-ஐ ஒட்டி டெக்ஸாஸில் நுழைந்து, வருஷந்தோறும் கிழக்கே நகர்ந்து, 1910-இல் அலபாமாவின் தென்மேற்கு மூலையை அடைந்தது. 1915-இல் தென்கிழக்கிலுள்ள காபி கவுண்டியில் பயிரை நாசமாக்கியது. பூவரும்புக்குள் முட்டையிடுவதால் அக்காலத்து மருந்து எதுவும் உள்ளே எட்டவில்லை.

அக்கவுண்டியில் எண்டர்பிரைஸ் என்னும் ஊரில் செஷன்ஸ் என்ற வியாபாரி இருந்தார். பருத்தி போனால் தாம் கொடுத்த கடனும் போகும் என்று அவருக்குத் தெரியும். வடக்கே சென்று நிலக்கடலை விதை வாங்கி வந்து, தமக்கு மிகவும் கடன்பட்டிருந்த பாஸ்டன் என்ற குடியானவரை 1916-இல் கடலை பயிரிடச் செய்தார். விளைந்ததைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும் வாக்களித்தார். பாஸ்டன் 8,000 புஷல் கடலை எடுத்துக் கடனைத் தீர்த்தார். மற்றவர்களும் பின்பற்றினார்கள், 1917-இல் அந்தக் கவுண்டியின் மகசூல் பத்து லட்சம் புஷலைத் தாண்டியது. 1919 டிசம்பர் 11-ந் தேதி ஊர்நடுவே அந்த வண்டுக்கு நன்றி கூறி ஓர் ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். கைகளை உயர்த்தி நிற்கும் ஒரு பெண்ணின் சிலை அது. அவள் தலைக்குமேல் வண்டின் உருவத்தை வைத்தது 1949-இல். பயிரை அழித்த பூச்சிக்குச் சிலை வைத்த ஊர் வேறு எங்கும் உண்டா என்பது சந்தேகமே.

அந்தச் சிலைக்குப் பக்கத்தில் இன்னொரு சிலையும் இருந்திருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். வண்டு வந்த இடமெல்லாம் கடலை முளைக்கவில்லை. கருமண் பிரதேசத்தில் வண்டு வந்தபோது பஞ்சமே வந்தது. எண்டர்பிரைஸில் விதையும், கடனும், விளைச்சலை வாங்குவதாக வாக்கும் ஒரே கையிலிருந்து ஒரே சமயத்தில் கிடைத்தன. கடன் கொடுப்பவர் மனம் மாறியதால் பயிர் மாறியது.

அறிவு முன்பே இருந்தது என்பதற்கு டஸ்கீகி கலாசாலையே சாட்சி. புக்கர் வாஷிங்டன் 1881-இல் கறுப்பருக்காகத் தொடங்கிய அந்தக் கலாசாலைக்கு 1896-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் விவசாய ஆசிரியராக வந்தார். அடிமையாகப் பிறந்தவர். ஓய்ந்துபோன மண்ணில் காராமணியும் கடலையும் சர்க்கரைவள்ளியும் மாற்றி மாற்றிப் பயிரிட வேண்டும், இலைமக்கையும் சதுப்புநிலச் சேற்றையும் எருவாக இடவேண்டும் என்று சாதாரண பாஷையில் சிறு பிரசுரங்கள் எழுதி வெளியிட்டார். அவர் எழுதியவை 44. 1906-இல் ஜெஸப் என்பவரின் நன்கொடையால் ஒரு வண்டி செய்து, அதில் கலப்பையும் விதையும் பால் கருவிகளும் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கடலையை 105 விதமாகச் சமைக்கும் முறைகளைக் கூறும் பிரசுரம் 1916-இல் வந்தது. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலர் சொல்வது தவறு. அவர் புகழுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் அவருடைய வண்டிக்கு முன் நின்று கேட்டவர்களில் பலர், வீடு திரும்பியதும் கடைக்காரரின் ஏட்டைப் பார்த்து மறுபடியும் பருத்தியையே விதைத்தார்கள். உபதேசம் இலவசம்; விதை இலவசமன்று.

இன்று வயர்கிராஸில் கடலையே பிரதான பயிர். டோதான் நகரத்தில் 1938 முதல் கடலைத் திருவிழா நடந்துவருகிறது. வண்டோவெனில், 1987-க்குப் பின் பருத்திக் குடியானவர்கள் தாங்களே வாக்களித்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, ஒருவர் நிலமும் விடாமல் பொறிகள் வைத்து மருந்து தெளித்ததனால் அலபாமாவை விட்டே ஒழிந்தது. தனித்தனியே எழுபது வருஷம் போராடித் தோற்றவர்கள் சேர்ந்து போராடிச் சில வருஷங்களில் வென்றனர்.

இரும்பும் மின்சாரமும்

மலைநாட்டின் கதையைச் சுருக்கமாகக் கூறலாம். இரும்புக் கல், நிலக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும் சுமார் 30 மைலுக்குள் அகப்படும் இடத்தில் 1871-இல் பர்மிங்காம் நகரம் ஸ்தாபிக்கப்பட்டது. உலைகள் பெருகின, நிலமில்லாத பல்லாயிரம் பேர் பருத்திக் காட்டை விட்டு அங்கே ஓடினர். அவர்களுக்கு முன்பே சுரங்கங்களில் வேறொரு கூட்டம் இருந்தது. அற்பக் குற்றங்களுக்காகப் பிடிபட்டவர்களை, பெரும்பாலும் கறுப்பர்களை, இராஜ்யமே சுரங்கக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டது. 1911-இல் பேனர் சுரங்கத்தில் நேர்ந்த வெடி விபத்தில் 128 பேர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய கைதிகளே. இவ்வழக்கம் 1928-இல்தான் ஒழிந்தது. அந்தப் பக்கத்து இரும்புக் கல் தரத்தில் தாழ்ந்ததாகையால் பிற்காலத்தில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இப்பொழுது பர்மிங்காம் வைத்தியசாலைகளாலும் சர்வகலாசாலையாலும் பிழைக்கும் நகரம்.

டென்னஸி பள்ளத்தாக்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மஸில் ஷோல்ஸ் என்னுமிடத்தில் நதி சுமார் 37 மைலுக்குள் 100 அடிக்கு மேல் சரிந்து இறங்குகிறது. முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட் செய்வதற்காக 1918-இல் அங்கே வில்ஸன் அணையைக் கட்டத் தொடங்கினர்; 1924-இல் முடிந்தது. அதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. அணையை என்ன செய்வது என்ற விவாதம் பத்து வருஷம் நடந்தது. மோட்டார்க் கம்பெனி அதிபர் ஹென்றி போர்டு தாம் எடுத்துக்கொள்வதாகக் கேட்டார். நதி ஜனங்களுடையது என்று செனட்டர் நாரிஸ் விடாப்பிடியாக வாதாடினார். முடிவில் 1933 மே 18-ந் தேதி டென்னஸி பள்ளத்தாக்கு அதிகார சபை சட்டமாயிற்று. சபை மேலும் அணைகள் கட்டி வெள்ளத்தை அடக்கி மின்சாரம் உண்டாக்கியது; வெடிமருந்துத் தொழிற்சாலையை உர ஆராய்ச்சிச் சாலையாக்கியது; நீர்த்தேக்கத்தின் மட்டத்தை அடிக்கடி ஏற்றி இறக்கிக் கொசுப்புழுக்களைக் கரையில் காயவைத்து மலேரியாவை ஒழித்தது. 1948-இல் ஏற்பட்ட நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷனுக்கு இதுவே மாதிரி. நஷ்டமும் இல்லாமலில்லை: கண்டர்ஸ்வில் அணைக்காக மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் செழுமையான ஆற்றங்கரை நிலங்களை விட்டுப் பெயர நேர்ந்தது, அவர்களில் வாரக்காரருக்கு நிலத்துக்கு ஈடான பணம் ஏதுமில்லை.

மின்சாரம் அணையில் உண்டானால் குடிசைக்கு வந்துவிடாது. 1935-இல் ஐக்கிய நாடுகளில் பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மைலுக்கு இரண்டு மூன்று வீடுகளே உள்ள நாட்டுப்புறத்தில் கம்பி இழுத்தால் கட்டாது என்று தனியார் கம்பெனிகள் கூறின. அவ்வருஷம் சர்க்கார் கிராம மின்சார இலாகாவை ஏற்படுத்திக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க முன்வந்தபோது, அதைப் பெற்றுக்கொண்டவை பெரும்பாலும் குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கங்களே. அங்கத்தினர் சந்தா 5 டாலர். அச்சங்கங்களில் அலபாமாவில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் நடக்கின்றன.

வாக்கும் நிலமும்

ஜீஸ் பெண்டுக்குத் திரும்புவோம். 1901-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் தலைவரியையும் எழுத்தறிவுப் பரீட்சையையும் விதித்துக் கறுப்பரின் வாக்குரிமையைப் பறித்தது. ஏழை வெள்ளையர் பலரும் அத்துடன் அதை இழந்தனர். 1965-இல் செல்மா நகரத்திலிருந்து மாண்ட்காமரி வரை நடந்த யாத்திரைக்குப்பின் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. பக்கத்து லௌண்டஸ் கவுண்டியில் வாக்காளராகப் பதிந்துகொண்ட வாரக்காரரை நிலச்சுவான்தார்கள் வெளியேற்றினர். அவ்வருஷம் டிசம்பரில் அக்குடும்பங்கள் கூடாரங்களில் குடியேறின. ஜீஸ் பெண்டில் அவ்வாறு வெளியேற்ற முடியவில்லை. வீடும் நிலமும் அவர்கள் பேரில் இருந்தன. பதிவு செய்யக் காம்டனுக்குப் போகமுடியாதபடி 1962-இல் ஓடம் நின்றது. திரும்ப ஓடியது 2006-இல். அவர்களோ சாலைவழியே சுற்றிச் சென்றார்கள்.

1966-இல் வில்காக்ஸ் கவுண்டிப் பெண்கள் கந்தல் துணிகளை ஒட்டுத்தைத்துச் செய்யும் போர்வைகளை விற்க ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். அது 2012 வரை நடந்தது. 2002-இல் அக்கிராமத்துப் போர்வைகள் நியூயார்க்கின் கலைக்கூடத்தில் தொங்கின. 1967-இல் கருமண் பிரதேசத்துப் பத்துக் கவுண்டிகளின் குடியானவர் பட்டாணியும் வெள்ளரியும் விற்கச் சேர்ந்த பெரிய சங்கத்துக்கு மத்திய சர்க்கார் ஏறக்குறைய 4 லட்சம் டாலர் உதவியது. இராஜ்ய கவர்னர் தடுத்தும் உதவி வந்தது. எனினும் அச்சங்கம் நீடிக்கவில்லை. எதிரிகளின் இடையூறு ஒருபுறம்; கைமுதலும் நிர்வாகப் பயிற்சியும் போதாமை மறுபுறம். இரண்டாவது காரணத்தை அங்கத்தினர்கள் மறைக்காமல் பேச வேண்டும்.

இன்று அலபாமாவில் பருத்தி ஏறக்குறைய 4 லட்சம் ஏக்கரே. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு. ஹண்ட்ஸ்வில்லில் ராக்கெட்டுத் தொழில். வான்ஸ், லிங்கன், மாண்ட்காமரி ஆகிய ஊர்களில் மோட்டார்த் தொழிற்சாலைகள். மொபீலில் ஆகாய விமானம். கருமண் நீரை விடாமல் பிடித்து வைப்பதால் அங்கே குளம் வெட்டிக் கெளுத்தி வளர்க்கிறார்கள். இத்தொழிலில் மிஸிஸிப்பிக்கு அடுத்தது அலபாமா. வடக்கே மலைச்சரிவுகளில் கறிக்கோழிக் கொட்டகைகள் நிறைந்திருக்கின்றன. குஞ்சும் தீனியும் கம்பெனியுடையவை. கொட்டகையும் அதன் கடனும் குடியானவனுடையவை. எத்தனை குஞ்சு, எப்போது, என்ன விலை என்பதைக் கம்பெனியே நிச்சயிக்கிறது. பழைய தவணைக் கடையை அறிந்தவர்கள் இவ்வொப்பந்தத்தை இருமுறை படித்துப் பார்ப்பார்கள்.

கருமண் பிரதேசத்தில் கறுப்பரின் நிலம் கைமாறுவது இன்னும் நிற்கவில்லை. உயில் எழுதாமல் மூதாதை இறந்த நிலம் பாகம் பிரியாமல் நாலு தலைமுறையாகப் பலர் பேரில் நிற்கும். வடக்கே நகரத்திலிருக்கும் ஒரு பங்காளியிடம் அந்நியன் ஒருவன் சிறு பங்கை வாங்கிக்கொண்டு, பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடுப்பான். நீதிமன்றம் முழு நிலத்தையும் ஏலத்துக்கு விடும். அவனே குறைந்த விலைக்கு எடுப்பான். பங்குதாரர் முதலில் தாங்களே மதிப்பு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளச் சந்தர்ப்பம் அளிக்கும் சட்டம் அலபாமாவில் 2014-இல் நிறைவேறியது. 1967-இல் ஸ்தாபிக்கப்பட்ட தென்னாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனம், ஸம்டர் கவுண்டியில் எப்ஸ் என்ற சிற்றூரிலுள்ள தன் பயிற்சி நிலையத்தில், உயில் எழுதும் முறையையும், பங்காளிகள் கூடிப் பத்திரம் சரிசெய்துகொள்ளும் முறையையும், சாகுபடி முறைகளோடு சேர்த்தே கற்பித்து வருகிறது.